மிஷோ எழுதாத புத்தகம்

செவ்வாய், காலை 9.10.

மாணவி சருல் நீட்டிய கடிதத்தை ரதோஸ்தினா இரண்டு முறை படித்தாள். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் திருட்டு என்று சந்தேகம். மூன்று மணிக்கு விசாரணை. நிரூபணமானால் பட்டம் கிடையாது. வெளிநாட்டு மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தியே பத்தொன்பது வருடம் தேய்ந்தவள் அவள். பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகர வெயில் வேறு அப்போதே மண்டையைப் பிளந்தது.

"யார்கிட்ட திருடினியாம்?"

"என் கைடு கராஜொவ் சார்கிட்ட. ஜனவரியில அவர் போட்ட கட்டுரையும் இதுவும் வரிக்கு வரி ஒண்ணா இருக்காம். எழுதினது நான்தான் மேடம்! மங்கோலியாவுல எங்கம்மா விருந்துக்கு ஆளெல்லாம் கூப்பிட்டுட்டாங்க."

"அழாதே. அவர்கிட்ட எப்ப கொடுத்தே?"

"அக்டோபர்ல, முதல் வரைவு. பிரிண்ட் எடுத்துக் கையில கொடுத்தேன். மெயில்ல அனுப்பினா படிக்க மாட்டாரு."

ஆக, சாட்சி இல்லை. ஜன்னலோரத்தில் ரதோஸ்தினாவின் கிழட்டுப் பூனை மிஷோ, யாருடைய அத்தியாயத்தின் மேலோ படுத்துக் குறட்டை விட்டது.

11.40.

சருலின் அத்தியாயத்தையும் கராஜொவின் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் படித்தாள். தயிர்க் கிருமிகளைப் பற்றி அதே வாக்கியங்கள், அதே அட்டவணைகள். ஆதார நூல்கள் இரண்டிலும் நாற்பது. முப்பத்தொன்பது ஒன்றேதான், ஒன்று மட்டும் வேறு. ரதோஸ்தினா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

மாலை 3.05. டீன் மாலினாவின் அறை.

"எனக்குக் கோபமே இல்லீங்க," என்றார் கராஜொவ். "பாஷை வராத புள்ளைங்க காப்பியடிக்கத்தானே செய்யும்?"

"ஒரே கேள்வி சார்," என்றாள் ரதோஸ்தினா. "உங்க கட்டுரையில ஏழாம் பக்கத்துல 'மிஷோ, 2011'னு ஆதாரம் காட்டியிருக்கீங்க. படிச்சீங்களா?"

"படிக்காம போடுவேனா? 'தயிரின் உயிரியல்'. அருமையான புத்தகம்."

ரதோஸ்தினா வேறு நான்கு மாணவர்களின் வரைவுகளை மேசையில் போட்டாள். எல்லாவற்றிலும் மிஷோ, 2011.

"ஆதாரம் கிடைக்காத இடத்துல என் பிள்ளைங்க என் பூனை பேரையும் அவன் பிறந்த வருஷத்தையும் போட்டு வைப்பாங்க. அப்புறம் தேடி மாத்தணும். அக்டோபர் வரைவுல இருந்ததை சருல் அப்புறம் மாத்திட்டா. நீங்க, பட்டியல்ல காணோமேன்னு அவன் பேர்ல ஒரு புத்தகத்தையே உண்டாக்கிட்டீங்க."

கராஜொவ் தன் கட்டுரையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"அந்த ஆசிரியர் இப்ப எங்கே இருக்காரு?" என்று கேட்டார் டீன்.

"என் ரூம்ல. தூங்கறாரு."

டீன் சருலிடமிருந்து கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

வெளியே வந்ததும் சருல் ரதோஸ்தினாவின் தோளில் விழுந்து தேம்பினாள். ரதோஸ்தினா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தனக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் தேவலை என்று இருந்தது.

"மிஷோவுக்கு எப்படி நன்றி சொல்றது மேடம்?"

"முதல் பக்கத்துல நன்றின்னு போடு. ஆதாரப் பட்டியல்ல மட்டும் போட்டுடாதே, தாயே."