மூன்று இழுப்பு

இப்போதெல்லாம் ஒரு மனிதன் செருப்பை எங்கே விட்டோம் என்று மறந்தால்கூட நிம்மதியாகத் தேட விடமாட்டேன் என்கிறார்கள். ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பாதாம் ஊறப்போடு, மூச்சை இழுத்து விடு, காலை வெயிலில் நட, அது மூளை மூட்டம், தானாகக் கலையும். டீ ஆற்றுகிறவன் வரைக்கும் டாக்டர். ரோச்சுக்கு இதில் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மகள் ஏஞ்சலின் சொன்னதையெல்லாம் செய்தார். செய்யாவிட்டால் அவள் சென்னைக்குக் கூட்டிப் போய்விடுவாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். கடல் வாடை எட்டாத இடத்தில் கிடந்து சாவதற்குப் பாதாம் தின்பதே மேல்.

மூட்டம் இருந்தது உண்மைதான். மனைவி ஆக்னஸ் வாதம் வந்து பேச்சிழந்து படுத்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. அவளை அடக்கம் பண்ணிய பிறகு தலைக்குள் கலங்கல் தண்ணீர் வந்து நின்றுகொண்டது. சங்கு குளிக்கப் போகிறவனுக்கு அது தெரியும்; காற்று கடலைப் புரட்டும் மாதங்களில் கீழே இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அப்படித்தான் இருந்தார். டீயில் உப்பைப் போட்டார். பூட்டிய கதவைப் பூட்டத் திரும்பிப் போனார். ஆக்னஸின் தம்பி, அவர் சங்கு குளிக்க இறங்கிய காலமெல்லாம் மேலே வள்ளத்தில் நின்று கயிறு பிடித்தவன், அம்புரோஸ் என்கிற அவன் பேரே ஒருநாள் வாயில் வரவில்லை.

இப்போது தெளிந்துகொண்டு வந்தது. இட்லியின் ருசி திரும்ப வந்தது. துறைமுகத்தில் ஊதுகிற கப்பல் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று படுத்தபடியே சொல்ல முடிந்தது. ஒன்று மட்டும் சரியில்லை. இடது மணிக்கட்டில் ஏதோ சுண்டியது.

முதலில் அது ஒரு துடிப்பு மாதிரிதான் இருந்தது, எறும்பு ஊர்கிற மாதிரி. தலை தெளியத் தெளிய அதுவும் தெளிந்தது. தோலுக்குள் இல்லை, வெளியே. ஒரு திசையிலிருந்து.

ஆக்னஸ் படுக்கையில் கிடந்த நாட்களில் அந்த இடத்தில்தான் கயிறு இருந்தது. வாய் பேச முடியாதவள் எப்படிக் கூப்பிடுவாள்? வள்ளத்தில் கிடந்த பச்சை நைலான் கயிற்றில் ஒரு துண்டை அறுத்து, ஒரு முனையை அவள் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு பக்கத்தில் படுத்தார். கடலுக்குள் பேசுகிற பேச்சுதான். ஒரு இழுப்பு என்றால், இருக்கிறேன். மூன்று இழுப்பு என்றால், தூக்கு. மேலே இருக்கிறவன் ஒரு இழுப்பு இழுத்துப் பதில் சொல்லவேண்டும், உடனே தூக்கவேண்டும். சங்குகாரன் பெண்டாட்டிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவள் இழுப்பாள், அவர் எழுந்து அவளைத் தூக்கி உட்காரவைப்பார்.

அவளைச் சவப்பெட்டியில் வைத்த அன்று தன் பக்கத்தை பிளேடால் அறுத்துவிட்டார். அவள் கையில் இருந்ததை அறுக்கப் பெண்கள் கத்தரிக்கோல் கொண்டுவந்தபோது அம்புரோஸ் குறுக்கே வந்தான். "கீழ போறவங்க முடிச்ச மேல நிக்கிறவன் தொடப்படாது. மேல வந்து அவங்களேதான் அவுக்கணும்." காலங்காலமாக அப்படித்தான். கலங்கல் தலையோடு ரோச்சும் ஆமாம் என்று தலையாட்டினார். கயிற்றின் மிச்சத்தைச் சுருட்டி, ஜெபமாலைக்கு அடியில் வைத்து மூடினார்கள்.

கல்லறைத் திருநாள் அன்று மத்தியானம் ஏஞ்சலின் அவரை எதிரே உட்காரவைத்தாள்.

"நூறுலருந்து ஏழு ஏழா கழிங்கப்பா."

"கணக்குப்பிள்ளை வேலைக்கா போகப்போறேன்? கடல்ல இருக்க பாரு பேரெல்லாம் பின்னாலருந்து சொல்லுதேன், கேளு." பார் என்று சங்குகாரர்கள் சொல்லும் கடலடிப் பாறைத்திட்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். குடமுத்துப் பார். உத்திப் பார். நகரப் பார். ஒன்றுகூட விடவில்லை. நடுவில் ஒருமுறை மணிக்கட்டு சுண்டியது. முகத்தில் காட்டவில்லை.

அவள் சிரித்தாள். "சரிப்பா. நாளைக்கு ஒரு டிக்கெட்தான். ஆனா கையில யாரோ இழுக்காங்கன்னு போன மாசம் சொன்னீங்கல்லா, அத இன்னொரு தரம் சொன்னீங்கன்னா ரெண்டு டிக்கெட்."

"அது நரம்பு. இப்ப சரியாப் போயிட்டு."

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். காலையில் மழை பெய்தும் வானம் இன்னும் கருத்துக் கிடந்தது. உருகும் மெழுகும் செவ்வந்தியும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடையின் மேல், காற்று திரும்பும்போதெல்லாம் கருவாட்டு வாடை வந்து படிந்தது. எங்கு பார்த்தாலும் குடும்பம் குடும்பமாகக் குனிந்த முதுகுகளும், சிலுவைகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆடுவதும், ஜெபத்தின் முணுமுணுப்பும். ஏஞ்சலின் வாசலில் பூக்காரியிடம் நின்றுவிட்டாள். அம்புரோஸ் முன்னமே வந்து மெழுகுவர்த்தி நட்டுக்கொண்டிருந்தான். ஆக்னஸின் மேடு இன்னும் மணல்தான். அமுங்கி இறுகட்டும், கான்கிரீட் பிறகு போடலாம் என்று விட்டிருந்தார்கள்.

"என்ன மச்சான், எம்பேரு ஞாபகம் இருக்கா, இல்ல இன்னும் ரெண்டு பாதாம் போடணுமா?"

"உன் மூஞ்சிய மறக்கத்தாம்ல பாதாமே திங்கேன்."

அம்புரோஸ் சிரித்துக்கொண்டே தீப்பெட்டி வாங்கப் போனான். ரோச் குனிந்தார். மேட்டின் தலைமாட்டில் மழை மணலை அரித்திருந்தது. அரித்த இடத்தில் பச்சையாக ஏதோ. புல் என்று நினைத்தார்.

புல் இல்லை.

நைலான். நுனி பிசிறில்லாமல் இருந்தது. பிளேடு வெட்டு.

சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தது. மேலே பலகை, பலகைக்கு மேல் ஆள் உயரத்துக்கு மணல். எப்படி வரும்? வராது. வேறு யாரோ போட்ட கயிறு. பூ கட்டின கயிறு. ஊரில் நைலானுக்கா பஞ்சம்?

தலை தெளிவாக இருந்தது. இவ்வளவு தெளிவாக ஒருநாளும் இருந்ததில்லை. ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரிந்தது.

பிடித்துப் பார்த்தார். ஈரம். ஒரு தரம் இழுத்தார். இருக்கிறேன்.

ஒன்றுமில்லை. அவர் மூச்சை விட்டார்.

இழுத்தது.

ஒன்று.

வாசல் பக்கம் பார்த்தார். ஏஞ்சலின் பூவோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினாள். அவரும் வலது கையை ஆட்டினார்.

இரண்டு.

மெதுவாக. பலமில்லாத கை. வாதம் விட்டுவைத்த கை. அந்த இழுப்பு அவருக்குத் தெரியும்.

மூன்று.

ரோச் கயிற்றை விட்டார். செருப்புக் காலால் மணலைத் தள்ளி மூடினார். அதன்மேல் ஒரு மெழுகுவர்த்தியை அழுத்தி நட்டார். எழுந்து, இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தார்.

"மச்சான்!" அம்புரோஸ் திரும்பி வந்துவிட்டான். "இங்கன வாரும். இந்த மெழுகுவத்தி அசையுது."

"மழைத் தண்ணி இறங்குதுல. நாளைக்கே கான்கிரீட் போடச் சொல்லு. கனமாப் போடச் சொல்லு."

"தண்ணி இல்ல மச்சான். நான் எத்தன வருசம் கயிறு பிடிச்சவன், எனக்குத் தெரியாதா? மூணு. விட்டு விட்டு மூணு. அக்கா தூக்கச் சொல்லுதா."

"உனக்கும் பாதாம் வேணும்ல."

அவர் திரும்பவில்லை. பின்னால் முழங்கால் மணலில் விழும் சத்தம். கைகளால் மணலை வாரி எறியும் சத்தம். யாரோ ஒரு பெண் அலறினாள். "ஏலே, கல்லறையத் தோண்டுதான், பிடிங்கலே, குடிச்சிருக்கான்!" ஓடிவரும் கால்கள். அம்புரோஸை இழுக்கிறார்கள். "தூக்குங்க, ஐயோ, தூக்குங்க" என்று அவன் கத்தியது அடிவயிற்றிலிருந்து வந்தது. பிறகு வாயைப் பொத்திவிட்டார்கள் போல.

"மாமாவுக்கு என்னப்பா?" ஏஞ்சலின் ஓடிவந்தாள்.

"தலை சரியில்ல. அக்கா போன கவல. அவனையும் நல்ல டாக்டரா பாத்துக் காட்டணும்."

அவள் அவர் கண்ணை உற்றுப் பார்த்தாள். "நீங்க?"

"எனக்கென்ன?" நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார். குடமுத்துப் பார். பைக்குள் கை ஒரு தரம் பின்னால் போனது. உத்திப் பார். இரண்டாம் தரம். பையின் தையல் விட்டது. நரம்பு. வெறும் நரம்பு. நகரப் பார். மூன்றாம் தரம் தோளே பின்னால் திரும்பியது. வலது கையால் அதைப் பிடித்து, விலாவோடு அழுத்திக்கொண்டு, ஒரு பேர்கூட விடாமல் சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனார்.