வெளுக்காத சதை

ஃபார்மலினில் போட்ட சதை வெளுத்து விறைக்க வேண்டும். நாட்கள் போன பிறகும் பரணி ஜாடிக்குள் கிடந்த நஞ்சுக்கொடி, பசு அன்று காலைதான் போட்டதுபோல ஈரச் சிவப்பாகவே இருந்தது.

தெய்வானை மூடியைத் திரும்ப வைத்தாள். ஆடிக் காற்று வாளையாறு பக்கமிருந்து வந்து பெருமாட்டி ஊரின் பனைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. தேங்காய் அறையின் ஓட்டிடுக்குகளில் அது ஊதி ஓயும்போதெல்லாம், மருந்தின் கண்ணெரிக்கும் நெடிக்கு அடியிலிருந்து சீம்பாலின் இனிப்பு வாசம் கிளம்பியது.

பசு ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். மரத்தில் பால் இருப்பதுபோல மடியிலும் ஊறும் என்பார்கள். இந்த முறை தானே கட்டுவதாக வாங்கிப்போன தெய்வானை, வைக்கோலுக்குள் தேங்காய் நாரைத் திணித்துக் கட்டிவிட்டு, கொடியை ஊறுகாய்ப் பரணியில் போட்டு, மிருகாஸ்பத்திரி கம்பவுண்டரிடம் வாங்கிய ஃபார்மலினை ஊற்றினாள். கால்நடை மருத்துவம் படிக்க உயிரியலில் நல்ல மார்க் வேண்டும். புத்தகத்தில் வெறும் வட்டங்களாக இருந்த சதைப் பொத்தான்களை, வயிற்றிலிருக்கும் கன்று தாயின் கருப்பையைப் பற்றிக்கொள்ளும் இடங்களை, தொட்டுப் பார்த்துப் படிக்க நினைத்தாள்.

அதற்குப் பிறகு பசு தன் கன்றை நக்கவில்லை. ஒருமுறை முகர்ந்துவிட்டு, அயல் கன்றை ஒதுக்குவதுபோல ஒதுக்கியது. எந்நேரமும் தேங்காய் அறைச் சுவரையே பார்த்து நின்றது. பாலைக் கறந்து புகட்டியும் கன்று இளைத்துக்கொண்டே போனது. காய்ந்து உதிர வேண்டிய தொப்புள் பச்சையாய்க் கசிந்தது. தெய்வானை அயோடின் வைத்தாள். உதட்டை விலக்கி ஈறுகளைப் பார்த்தாள். வெளுத்திருந்தன.

"டாக்டரம்மா, காலேசுக்குப் போறதுக்குள்ள இந்த ஒரு கன்னையாச்சும் பொழைக்க வெச்சுக் காட்டுங்க" என்று கேலி பேசிவிட்டு, அப்பா சென்னிமலை, கன்றுக்கு மருந்து வாங்கச் சித்தூருக்கு சைக்கிளை எடுத்தார். அம்மா கமலாத்தாள் சிரிக்கவில்லை.

"ஏங்கண்ணு, கொடிய மரத்துலதான கட்டுனே?"

"ஆமாங்கம்மா."

"நாய் கீது இழுத்துட்டுப் போயிருந்தா கன்னு தங்காதும்பாங்க. அதான் கேட்டேன்."

அம்மா தோட்டத்துக்குப் போனாள். தெய்வானை புத்தகத்தைப் பிரித்தாள். நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி தாயுடையதல்ல, கன்றுடையது. அதில் ஓடுவது கன்றின் இரத்தம். அந்த வரி அவளை உட்கார விடவில்லை. எழுந்துபோய்க் கன்றைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். விளக்கு வைப்பதற்குள் கொடியை எடுத்துப்போய் ஆலமரத்தில் கட்டிவிட்டால் கன்று பிழைத்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது.

வைக்கோலோடு தேங்காய் அறைக்குள் போனாள்.

மூடி நகர்ந்திருந்தது. ஃபார்மலின் ஒரு சொட்டுகூட இல்லை. பரணியின் அடியில் சுருண்டு கிடந்த தொப்புள்கொடியின் முனை இப்போது விளிம்பில் தொங்கியது. பெருவிரலால் பற்றினாள். துடித்தது. பெருவிரலில் பார்த்தால் தன் நாடியே தெரியும் என்று படித்திருந்தாள். விரலை மாற்றினாள். அவள் நெஞ்சு படபடத்தது. இது நிதானமாக அடித்தது.

இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினாள். கனம். போட்டபோது இல்லாத கனம். சவ்வுக்குள் ஏதோ புரண்டது. மெதுவாக, முற்றாத மஞ்சள் குளம்பொன்று உள்ளங்கையில் உதைத்தது.

தொழுவத்தில் கயிறு அறுந்தது. பிறகு அந்தக் குரல். ஈன்ற நேரத்தில் மட்டும் பசு தொண்டைக்குள் முனகும் குரல்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றது பசு. அதன் கால்களுக்கிடையே தொழுவம் தெரிந்தது. கன்று படுத்திருந்த வைக்கோலின்மேல் தட்டையாக ஒரு தோல். உள்ளே ஒன்றுமில்லாத தோல்.

பசு கழுத்தை நீட்டியது. அவள் கையிலிருந்ததை நக்கத் தொடங்கியது. சொரசொரத்த நாக்கு படப்பட, சவ்வு விலகியது. ஒரு கண் திறந்தது.

தெய்வானை கைகளை விரித்தாள். விழவில்லை. உதறினாள். விழவில்லை. சதைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக அவள் முழங்கைவரை பற்றியிருந்தன.

அவளுடைய நகங்கள் வெளுத்துக்கொண்டிருந்தன.