நாளை வா

புது கேட்வேயில் அதுவரை சேர்த்திருந்தது ஒரே ஒரு கதவு. ஊரார் வீட்டுக் கதவில் சோதித்துப் பார்த்து வசவு வாங்குவானேன் என்று, நாகவேணி ராஜாஜிநகரில் இருக்கும் தன் வீட்டுக் கதவையே முதலில் இணைத்திருந்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்த அந்தச் சாயங்காலம், அவள் ஒன்றும் அனுப்பாதபோதே, ஸ்கிரீனில் ஒரு கோரிக்கை வந்து நின்றது. கதவைத் திற. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

அவர்கள் கம்பெனி செய்வது குரல் பூட்டு. வீட்டு ஆள் வாசலில் நின்று கூப்பிட்டால் அந்தக் குரல் கேட்வேக்கு வரும். கேட்வே அதைக் குரல் பார்க்கும் சர்வருக்குத் தள்ளும், அங்கிருந்து வரும் பதிலைப் பூட்டுக்குத் தள்ளும். தபால் பிரிக்கிற வேலைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாக இருக்கும் மகள் சிஞ்சனாவுக்கு மேல் தாழ்ப்பாள் எட்டாது என்றே அவள் இந்தப் பூட்டை மாட்டினாள்.

"லிங்கராஜு, பேரில்லாம வந்தா பழைய கேட்வே என்ன பண்ணும்?"

பக்கத்து மேசையில் மத்தூர் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தவன் சிரித்தான். "கடைசியில ஒரு விதி இருந்துச்சே அக்கா. யாருன்னு தெரியாதது எது வந்தாலும் 'நாளை வா'ன்னு பதில். புதுசுக்கு மாத்தும்போது குப்பைன்னு நீங்கதானே விட்டுட்டீங்க."

"பழைய வீட்டுக் கதவுல பேய்க்கு எழுதி வெப்பாங்களே, அதைப் பார்த்து எவனோ கேலிக்கு எழுதியிருக்கான்னு நெனச்சேன்."

"கேலியோ என்னவோ. ஏதோ ஒண்ணு தெனமும் வந்து, அதைப் படிச்சுட்டுத் திரும்பிப் போயிருக்கு. நான் பார்த்திருக்கேன்."

வீட்டு ஆள் குரலில் கூப்பிடுமாம் அந்தப் பேய். பதில் சொன்னால் தீர்ந்ததாம். சின்ன வயதில் கேட்டது இப்போது ஏன் ஞாபகம் வருகிறது என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது நாகவேணிக்கு. ஹெட்ஃபோனை மாட்டி, கோரிக்கையோடு வந்த குரலைத் திறந்தாள். முதலில் மழை, பிறகு அவள் வீட்டு மாடிப்படியின் தகரக் கூரையில் தண்ணீர் விழும் சத்தம், ஈரச் செருப்பை இழுத்து இழுத்து யாரோ படியேறுவது, கதவுக்கு வெகு அருகில் ஒரு மூச்சு, அதன் பிறகு அவளுடைய குரல்.

"புட்டி, கதவ தெற."

மகளைச் செல்லமாகப் புட்டி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் இன்று அவள் கூப்பிடவே இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

ஸ்கிரீனில் அடுத்த வரி வந்தது. குரல் பொருந்தியது. கதவு திறந்தது.

வீட்டுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. பழைய விதியைத் தேடி எடுத்து, புது கேட்வேயில் ஏற்றினாள். இனியாவது எதுவும் நுழையக் கூடாது. லிங்கராஜு ஏதோ கேட்டான். ஃபோனை மேசையிலேயே விட்டு ஓடினாள்.

ஆட்டோ. மழை. படி.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரவை உப்பிட்டு கிளறும் வாசம். சிஞ்சனா சிரிக்கும் சத்தம். உயிரோடு இருக்கிறாள். நாகவேணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"புட்டி, கதவ தெற."

பூட்டின் விளக்கு மினுக்கியது. யோசித்தது.

கேட்வே கணக்கில் நாகவேணி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டாள். அப்படியானால் வெளியே நிற்பது யார்?

பூட்டில் எழுத்து எரிந்தது. நாளை வா.

கையால் அடித்தாள். கத்தினாள். உள்ளே சிரிப்பு நின்றது.

"அம்மா, வெளிய யாரோ உன் கொரல்லயே கூப்பிடுறாங்க."

"பதில் பேசாத புட்டி," என்றது நாகவேணியின் குரல். கரண்டிச் சத்தம் நிற்கவில்லை. "இனி தெனமும் வரும்."