மூன்று வரை எண்ணும் குரல்

இரண்டாவது சரணம் தொடங்கப்போகும் நேரத்தில் மைக் வயர் கரகரத்தது. உடையப்பன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வயரின் நுனியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் சத்தம் நின்றது. விட்டால் மறுபடி வந்தது.

"நான் பிடிச்சுக்கிட்டே பாடவா?" என்றாள் அவர் மனைவி சண்முகவள்ளி.

"நீ வயரப் பிடிப்பியா, சுதியப் பிடிப்பியா? ஜாக் பின் போச்சு புள்ள. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயி ஒண்ணு வாங்கியாந்து பத்த வச்சிர்றேன்."

"வெயிலப் பாத்தீங்களா?"

"இன்னைக்கு விட்டா நாளைக்குத் தண்ணி வர்ற நாளு. தெரு பூரா கொடம் உருளும். தொண்டைய ஆற விடாத, வெந்நியக் குடிச்சுக்கிட்டு இரு. செத்த நேரத்துல வாரேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ரேடியோ சாமான் கடைப் படியில் இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். உட்கார்ந்தவர் எழவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த சின்னக் காகிதப் பொட்டலத்தை ஆஸ்பத்திரியில் அவள் கையில் கொடுத்தார்கள். உள்ளே புது ஜாக் பின் இருந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது பிளாஸ்கில் வெந்நீர் இன்னும் சூடாகவே இருந்தது.

அது 2003, சித்திரை மாதம். உடையப்பனுக்கு நாற்பத்தாறு வயது. திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். நாகல் நகரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்னறைதான் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். ஜன்னல்களைப் பஞ்சு மெத்தையால் அடைத்து, புரோட்டாக் கடையில் கேட்டு வாங்கிய முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார். பட்டப்பகலிலும் அந்த அறைக்குள் இருட்டாகத்தான் இருக்கும். உள்ளே நுழைந்தால் பழைய அட்டையின் வாடையும், அவர் வயர்களுக்கு ஈயம் பற்றவைக்கும் குங்கிலியப் புகையின் வாடையும் சேர்ந்து வரும். பாட்டெழுதுவது, மெட்டுப் போடுவது, கீபோர்டு வாசிப்பது எல்லாம் அவர். பாடுவது அவள். தெரு அடங்கிக் கிடக்கும் மத்தியான நேரத்தில் மட்டும் பதிவு செய்வார்கள். கடைசியாக எடுத்துக்கொண்டிருந்தது தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றிய பாட்டு.

பதிவு தொடங்குமுன் அவர் எண்ணுவார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நான்கைச் சொல்ல மாட்டார். சொன்னால் அவள் தொடங்கும் சொல்லோடு அவர் குரலும் ஒட்டிக்கொள்ளும் என்று தலையை மட்டும் ஆட்டுவார். அவள் தவறவிட்டால் கோபிக்க மாட்டார். "என்ன வள்ளி?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்.

பாடி முடித்ததும் முதல் வேலையாக, தான் எண்ணியதை வெட்டி எறிவார். அவள் முதல் சொல்லுக்காக மூச்சை இழுக்கிற இடம்வரை மிகச் சரியாக வெட்டுவார்.

"இருந்துட்டுப் போகட்டுமே," என்பாள் அவள்.

"என் கொரலு எதுக்கு? கேக்குறவனுக்கு ஓம் பாட்டு போதும்."

முப்பதாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் ஊருக்குப் போன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அவர் குரலை ஒருமுறை கேட்க வேண்டும் போலிருந்தது. பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். எல்லாவற்றிலும் அவளே பாடினாள். பதினோரு வருஷம், அறுபத்து மூன்று பாட்டு. அவருடைய குரல் ஒரு வினாடிகூட இல்லை.

கம்ப்யூட்டரில் இருக்குமோ என்று பார்த்தால் அது கிளம்பவே இல்லை. பேகம்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கிதர் முகம்மதுவை வரச்சொன்னாள். அவனும் கடையின் பின்பக்கத்தில் பாட்டுப் பதிவு செய்கிறவன்; உடையப்பனிடம் சந்தேகம் கேட்கவும் சண்டை போடவும் வாரம் ஒருமுறை வருவான். இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தான். பாட்டுகள் தப்பின. ஆனால் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் மறுபடி லைசென்ஸ் நம்பர் கேட்டது. அந்த நம்பரை உடையப்பன் எங்கே எழுதி வைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"இப்போதைக்கு டிரையல்ல ஓடட்டும்க்கா. ஒரே தொல்லைதான், ஒவ்வொரு நிமிசத்துக்கும் ரெண்டு செகண்டு சத்தத்த நிறுத்திப்புடும். காசு கட்டி வாங்கட்டும்னு வெறும் மௌனத்தச் சொருகி வச்சிருக்கான்."

"அவரு கொரலு எங்கயாச்சும் இருக்கா தம்பி?"

அவன் கோப்புகளை எல்லாம் திறந்து பார்த்தான். "அண்ணன் சுத்தமா வெட்டிருக்காருக்கா," என்றான் தலை நிமிராமல்.

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. நாற்பது பேர் இருக்கலாம். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. எந்த சாஃப்ட்வேர் நல்லது, யார் பாட்டில் காற்றாடி இரைகிறது என்று ஓயாமல் பேசிக்கொள்வார்கள். டிரையல் தொல்லையைத் தீர்க்க வழி கேட்கலாம் என்று, பாதியில் நின்ற தண்ணீர் லாரிப் பாட்டைக் கிதர் கடையிலிருந்து உடையப்பனின் பெயரிலேயே அவள் அனுப்பி வைத்தாள். மறுநாள் பதில்கள் வந்திருந்தன. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "ஏனுங்க உடையப்பன், மூணு மாசமா ஆளையே காணோமுங்க. டிரையல்ல ஓட்டுற அளவுக்குக் கஞ்சமாயிட்டீங்களா?"

அவள் வெகுநேரம் யோசித்து, "வெளியூர் போயிருந்தேன்" என்று அடித்தாள். பக்கத்தில் நின்ற கிதர் அதைப் படித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கனடாவில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடிதம் கடைசியாக இருந்தது. "அண்ணை, பாட்டு நிக்கிற இடங்களில ஆரோ எண்ணுகினம். முதல் இடத்தில ஒண்டு, அடுத்ததில ரெண்டு, பிறகு மூண்டு. ஹெட்போனில தெளிவாக் கேக்குது. நல்ல குரல். ஆர் அது?"

"கனடாக் குளிருல அந்தாளுக்குக் காதடைச்சிருச்சு," என்று கிதர் சிரித்தான். ஆனாலும் அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து பின்னறையில் பாட்டைத் திறந்தான். திரையில் மலையும் பள்ளமுமாகப் போன ஒலிக்கோடு, நிறுத்தம் வந்த இடத்தில் பென்சிலால் இழுத்ததுபோல் நேராகக் கிடந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. உடையப்பனின் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடவிட்டான்.

மூன்றாவது நிறுத்தமும் கடந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. ஹெட்போனைக் கழற்றி, சுட்ட பாத்திரத்தை வைப்பதுபோல் மேசைமேல் வைத்தான்.

"சத்தத்தக் காட்டுற மீட்டர் ஏறலக்கா."

"நான் மீட்டரக் கேக்கல. சத்தம் கேட்டுச்சா?"

அவன் ஹெட்போனை அவள் பக்கம் தள்ளினான். அவளே மாட்டிக்கொண்டாள். காது மெத்தையில் அவருடைய தேங்காய் எண்ணெய் வாசம் இன்னும் இருந்தது. பாட்டு ஓடி, சட்டென்று நின்றது.

ஒண்ணு.

அதன்பிறகு எல்லா மத்தியானமும் அவளுக்கு அந்த அறையிலேயே கழிந்தது. எந்தப் பாட்டைப் போட்டாலும் அவர் எண்ணினார். அவளுடைய சொந்தப் பாட்டு எப்போது நிற்கும் என்று அவள் காத்துக் கிடந்தாள். வேறு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்ற ஆசை வந்தது. எல்லாப் பாட்டும் நான்கு நிமிடத்துக்குள் முடிவதால்தான் மூன்றோடு நின்றுவிடுகிறார் என்று நினைத்து, கிதரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு பாட்டுகளை ஒன்றாக ஒட்டினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று வந்தன. நான்காவது நிறுத்தத்தில் குரல் இல்லை. அவர் தலையை ஆட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

ஐந்தாவது நிறுத்தம் வந்தது.

முதலில் மூச்சு கேட்டது. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து படியேறியவரின் மூச்சு.

"என்ன வள்ளி?"

அவள் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. சித்திரையிலிருந்து அவர் அந்த இருட்டுக்குள் நின்று எண்ணிக்கொண்டே இருக்கிறார். அவள் தொடங்காததால் மறுபடி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார். தண்ணீர் லாரிப் பாட்டில் மூன்றாவது நிறுத்தம் இரண்டாவது சரணத்துக்குச் சற்று முன்னால் விழுகிறது என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மூன்று நாள் அவள் அறையைத் திறக்கவில்லை. நான்காம் நாள் கிதர் வந்தான்.

"அக்கா, என் நம்பரப் போட்டுத் தாரேன். நிறுத்தமே வராது. இது நமக்கு வேணாம்."

"நிறுத்தம் வரலேன்னா அவரு எங்க நிப்பாரு?"

"அப்ப அந்தச் சரணத்தப் பாடி முடிச்சிருங்க. அதுக்குத்தான நிக்கிறாரு."

"பாடி முடிச்சா ஒங்கண்ணன் மொத வேலையா என்ன செய்வாருன்னு ஒனக்குத் தெரியும்ல?"

கிதர் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குத் தெரியும்.

"கெடச்சதே இந்த மூணு வார்த்தைதான் தம்பி," என்றாள். பிறகு அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே, "ஆனா மூச்சு வாங்குதுடா அவருக்கு. கேக்க முடியல," என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவள் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பழுதான அதே வயரை மாட்டினாள். பாட்டின் ஆரம்பத்திலிருந்தே பதிவுப் பொத்தானை அழுத்தி வைத்தாள். அவர் எண்ணுவது மைக்கில் விழுந்தால் அதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

பாட்டு ஓடியது. மானிட்டரின் வெளிச்சம் முட்டை அட்டைகளின் மேட்டில் மட்டும் பட்டது. பள்ளங்களெல்லாம் கறுப்பாக இருந்தன.

முதல் நிறுத்தம்.

"ஒண்ணு."

ஹெட்போனுக்குள் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அவள் திரும்பவில்லை. குங்கிலியப் புகையின் வாடை எழுந்தது. ஈயம் பற்றவைக்கும் கம்பி மாதக்கணக்கில் அலமாரியில் குளிர்ந்து கிடந்தது.

"ரெண்டு."

தோளுக்குப் பக்கத்தில்.

மைக் வயர் கரகரக்க ஆரம்பித்தது. விடாமல் கரகரத்தது. இந்தச் சத்தத்தோடு பாடினால் எதுவும் தேறாது என்று அவள் பதறிய நேரத்தில் அது நின்றது.

யாரோ வயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டதுபோல் நின்றது.

தரையில் சுருண்டு கிடந்த வயர் மெல்ல நிமிர்ந்து இழுபடுவது அவள் காலில் உரசித் தெரிந்தது. அவள் கீழே பார்க்கவில்லை.

"மூணு."

மைக்குக்கு அந்தப் பக்கம், அவர் எப்போதும் நிற்கிற இடத்தில். அங்கே இருட்டு மட்டும்தான் இருந்தது. அந்த இருட்டு ஒருமுறை தலையசைத்ததை அவள் பார்த்தாள்.

அவள் மூச்சை இழுத்தாள். பாடினாள்.

ஒரு பிசிறில்லாமல் வந்தது. கடைசிச் சொல் முடிந்தபோது குங்கிலிய வாடை போய்விட்டது. வயர் காலிலிருந்து தளர்ந்து விழுந்தது. கரகரப்பு திரும்ப வந்தது. அவள் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் கிதர் வந்து கோப்பைத் திறந்தான். மூன்று நிமிடத்துக்கு மேல் பதிவாகியிருக்க வேண்டும்; ஆனால் முன்பகுதி இல்லை. அவள் மூச்சை இழுக்கிற இடத்திலிருந்து பாட்டு தொடங்கியது. வெட்டு அவ்வளவு சரியாக இருந்தது.

"நீங்க வெட்டுனீங்களாக்கா?"

"எனக்கு வெட்டத் தெரியாது தம்பி."

மற்றப் பாட்டுகளையும் ஓடவிட்டார்கள். நிறுத்தங்களில் வெறும் மௌனம் மட்டும் இருந்தது. கனடாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. "அண்ணை, எண்ணுறதை ஏன் எடுத்துப்போட்டியள்? நான் இறக்கி வச்சதிலயும் இப்ப இல்லை. எப்பிடிச் செய்தனீங்கள்?"

சண்முகவள்ளி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். "எண்ணியவர் என் கணவர் உடையப்பன். சித்திரையில் இறந்துவிட்டார். இதுவரை எழுதியது நான். அவர் குரல் நன்றாக இருந்தது என்று சொன்னதற்கு நன்றி."

பிறகு கிதர் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்தான். ஐந்து வருஷத்தில் கம்ப்யூட்டர் இரண்டு முறை மாறிவிட்டது. சி.டி.யில் ஏற்றும்போது பாட்டு சட்டென்று தொடங்கக்கூடாது என்பதற்காக, அந்தச் சரணத்தின் முன்னால் இரண்டு வினாடி வெற்றிடம் சேர்த்து அவன் சேமிப்பான். மறுநாள் திறந்தால் வெற்றிடம் இருக்காது. புது கம்ப்யூட்டரிலும் சேர்த்துப் பார்த்தான், தன் கடையில் வைத்தும் சேர்த்துப் பார்த்தான். இப்போது சேர்ப்பதை விட்டுவிட்டான்.

எப்போது திறந்தாலும் அந்தத் துண்டின் நீளம் நாற்பத்தொன்பது வினாடிதான்.