ஒன்பது ஸ்குரு

மணிகண்டராஜ் அந்தப் பழைய வேனைத் திருத்தங்கலில் உள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது மணி நாலு. ஏலத்தில் எடுத்த வண்டி. புதிதாக நீல பெயின்ட் அடித்திருந்தான்.

“அண்ணாச்சி, பக்கக் கதவுல உள்பேடு கடகடங்குது. கிளிப்பெல்லாம் விழுந்துபோச்சு. காலையில அச்சங்குளத்துக்கு ஆளேத்தணும். மதினியும் இதுலதான் வாறாக.”

மதினி என்றால் என் மனைவி பாண்டிலட்சுமி. அச்சங்குளத்துப் பட்டாசு கம்பெனியில் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரலிடுக்கில் வெள்ளிப்பொடி மின்னும்.

கதவின் உட்புறத்தை மூடும் அட்டைதான் பேடு. கதவுத் தகரத்தின் ஓட்டையில் பிளாஸ்டிக் கிளிப்பை அழுத்தினால் அது நிற்கும். பத்து நிமிஷ வேலை. ஒன்பது கிளிப்பைக் காணோம். பேட்டின் ஓரம் முழுக்க நகக்கீறல்.

பேட்டைக் கழற்றினேன். புகை வாடை குப்பென்று வந்தது. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அலுமினியத் தகடு. நாலு ரிவெட். நாலாவது கோணல்.

அந்தக் கோணல் ரிவெட்டை அடித்தவன் நான்.

மூன்று வருஷத்துக்கு முன் இது வெள்ளை வண்டி. “நெருக்கத்துல பொம்பளையாளுக கைப்பிடியில சாஞ்சு கதவு தொறந்துக்கிடுது. உள்கைப்பிடியே வேண்டாம், டிரைவர் வெளிய நின்னு தொறக்கட்டும்” என்றார் பழைய முதலாளி. கைப்பிடிக் கம்பியை வெட்டி, தகடு அடித்து, பேட்டால் மூடிக் கொடுத்தேன். அந்தத் தீபாவளி சீசனில் டிரைவர் டீ குடிக்கப் போன நேரம் சீட்டுக்கடியில் வயர் புகைந்தது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. உள்ளே ஏழு பெண்கள்; ஒருவரும் பிழைக்கவில்லை. கதவு இறுகிவிட்டது என்று போலீஸில் எழுதி முடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

புதுக் கிளிப் ஒன்பதையும் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனேன்.

டக்.

திரும்பினேன். ஒரு கிளிப் தரையில் உருண்டது.

டக். டக்.

வண்டிக்குள் யாருமில்லை. பேடு மட்டும் மெல்ல மெல்லப் பிதுங்கியது.

“யாரு?” என்றேன்.

பேட்டின் மேல் நாலு விரல் தடம். வெள்ளிப்பொடித் தடம்.

தகட்டைப் பெயர்த்துக் கைப்பிடி போட்டிருக்கலாம். இந்த மாடலுக்குச் சாமான் கிடைக்க இரண்டு நாளாகும். ஏன் என்று மணிகண்டராஜ் கேட்பான். கிளிப்பை விட்டுவிட்டு ஒன்பது ஸ்குருவை எடுத்தேன். பேட்டைத் தகரத்தோடு சேர்த்து இறுக்கினேன்.

அதன் பிறகு சத்தம் இல்லை.

மறுநாள் விடியலில் சோற்று வாளியை மூடிக்கொண்டிருந்த பாண்டிலட்சுமியிடம், “இன்னைக்கு ஒரு நாள் போகாத” என்றேன்.

“சீசன்ல லீவு போட்டா அப்புறம் உள்ள விடமாட்டாக. ஏன் போகக்கூடாதுன்னு சொல்லுங்க.”

சொல்லியிருக்கலாம். வாளியின் மூடியை நானும் ஒருமுறை அழுத்தி மூடினேன்.

“ராத்திரியெல்லாம் தூங்காம கெடக்கீக. வெறும் வயித்தோட பட்டறைக்குப் போவாதீக” என்று சொல்லிவிட்டு வாசலில் நின்ற வேனில் ஏறினாள். மணிகண்டராஜ் வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்தினான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்குள் காலடிச் சத்தம். வேன் வந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. பாண்டிலட்சுமி அடுப்படி இருட்டில் நின்றாள். சேலையில் புகை வாடை. நிம்மதியில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“வந்துட்டியா?”

“பின்சீட்டுல ஏழு பேரு” என்றாள், தாழ்ந்த குரலில். “எங்கன இறங்குவீகன்னு கேட்டேன். கதவு தொறக்கட்டும்னாக.”

போன் அடித்தது. மணிகண்டராஜ் அழுதுகொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, வண்டி புகைஞ்சிருச்சு. வெளிப் பூட்டு சிக்கிக்கிருச்சு. உள்ளருந்து அம்புட்டுத் தட்டு தட்டுனாக. மதினி...”

“இங்க இருக்கா” என்றேன்.

“அண்ணாச்சி, மதினிய இப்பத்தான் வெளிய எடுத்துக் கெடத்திருக்கோம்.”

திரும்பிப் பார்த்தேன். பாண்டிலட்சுமி என் பக்கம் கையை நீட்டியபடி நின்றாள். பத்து விரலிலும் நகம் இல்லை.

பிறகு அங்கே அவளும் இல்லை.

அவள் நின்ற இடத்தில் ஒன்பது ஸ்குரு கிடந்தது. எடுத்தபோது ஒவ்வொன்றும் சுட்டது.