இறக்கைக்கு அடியில் ஒருவன்

ஓட்மார் அந்த விமானத் தளத்துக்கு வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது, பனிமூட்டம்தான் விலகவில்லை. தளம் என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஓடுபாதையை எதிரி விமானங்கள் குண்டு போட்டுக் குதறியிருந்தன. ஜெட் விமானங்களைப் பைன் மரங்களுக்கு நடுவே ஒளித்து வைத்து, பக்கத்து நெடுஞ்சாலையிலிருந்தே பறக்கவிட்டார்கள். எரிபொருளை மிச்சம் பிடிக்க, விமானத்தைச் சாலை வரை மாடுகள் இழுத்துப் போயின. 1945 ஏப்ரல், ஜெர்மனி. மேற்கே அமெரிக்கர்களின் பீரங்கிகள் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தன.

"புது ஆளா? ராக்கெட் மாட்டத் தெரியும்ல?" என்றார் சார்ஜன்ட் புர்க்ஹார்ட்.

"தெரியும் சார். முன்னாடி இந்த வேலையைப் பார்த்தவரு...?"

"வெண்டலினா? போயிட்டான். நின்னு கதை பேசாதே. அவங்க குண்டு விமானமெல்லாம் கிளம்பிடுச்சாம். அந்தக் கடைசி விமானத்துக்குப் போ."

ராக்கெட் ஒவ்வொன்றும் ஒரு கை நீளம்தான். ஒன்று பட்டால் போதும், பெரிய குண்டுவீச்சு விமானமே சிதறிவிடும். ஓட்மார் இறக்கைக்கு அடியில் குனிந்து, மரச்சட்டத்தில் அவற்றை வரிசையாக மாட்டினான். மின்கம்பிகளைச் சொருகுவதுதான் பாக்கி.

அந்தப் பக்க இறக்கையிலும் யாரோ வேலை செய்யும் சத்தம் கேட்டது. பனியில் இரண்டு பூட்ஸ் கால்கள் மங்கலாகத் தெரிந்தன. துணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தான்.

கருகிய முடியின் நாற்றம் வந்தது.

"சொருகு" என்று அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது. "சீக்கிரம் சொருகு."

"யாருப்பா அது?"

பூட்ஸ் கால்களைக் காணவில்லை.

ஓட்மார் கம்பியைக் கீழே விட்டுவிட்டு, அந்த ஆளைத் தேடி இறக்கைமேல் ஏறினான். விமானியின் இருக்கையில் லெப்டினன்ட் ஹார்ம்ஸ் உட்கார்ந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவனுடைய கட்டைவிரல் ராக்கெட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

"சார்! கையை எடுங்க! நான் கீழ கம்பி சொருகிட்டு இருக்கேன்!"

"எடுக்க முடியல" என்றான் ஹார்ம்ஸ். "அவரு பிடிச்சிருக்காரு."

ஓட்மார் அந்த விரலைப் பிடித்து இழுத்தான். விரல் பனிக்கட்டியாக இருந்தது. அதன்மேல் இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, தொட்டால் தெரிந்தது. தோல் உரிந்து, பிசுபிசுவென்று இருந்தது.

சட்டென்று பிடி விட்டது.

ஹார்ம்ஸ் தேம்பினான். "வெண்டலின் கீழ நின்னுட்டு இருந்தாரு. என் விரல் தெரியாம பொத்தான்ல பட்டுடுச்சு. அவரு நெருப்பாவே ஓடினாரு. அதுலேர்ந்து நான் ஏறும்போதெல்லாம் அவரும் ஏறுறாரு. என்னை அனுப்பாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"பறக்க மாட்டேன்னா சுட்டுடுவாங்க சார்."

கீழே புர்க்ஹார்ட் மாடுகளை அதட்டிக்கொண்டு வந்தார். ஓட்மார் ஹார்ம்ஸின் காதருகே குனிந்தான். தான் சொல்லப்போவது வெளியே தெரிந்தால் தன்னையும் மரத்தில் கட்டித் தூக்கிலிடுவார்கள்.

"கேளுங்க. ஒரு கம்பியைக்கூடச் சொருகல. என்ன அழுத்தினாலும் வெடிக்காது. சண்டைக்குப் போகாதீங்க. ஒரு சுத்து சுத்திட்டு இறங்கிடுங்க."

ஹார்ம்ஸ் அவன் கையை ஒரு கணம் இறுகப் பற்றினான்.

"எல்லாம் சரியா?" என்றார் புர்க்ஹார்ட்.

"சரிதான் சார்."

விமானம் பனியைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. இருவரும் வானொலிக் குடிசை வாசலில் நின்றார்கள். வெகுநேரம் இரைச்சல் மட்டுமே கேட்டது.

பிறகு மேகத்துக்கு மேலே, ஒன்றன்பின் ஒன்றாகச் சீறும் சத்தம்.

"எல்லா ராக்கெட்டையும் விட்டுட்டான்! சபாஷ்!" என்று புர்க்ஹார்ட் கைதட்டினார்.

ஓட்மார் ஒரு கம்பியைக்கூடச் சொருகியிருக்கவில்லை.

"நான் இல்ல!" வானொலியில் ஹார்ம்ஸ் அலறினான். "நான் அழுத்தல! அவரு உள்ள வந்துட்டாரு! உள்ள..."

குரல் அறுந்தது.

விமானம் திரும்பி வந்தது. அத்தனை பனியிலும் கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சாலையில் இறங்கி, மரங்களுக்கு அடியில் வந்து நின்றது. கண்ணாடி மூடி உள்ளிருந்து பூட்டியிருந்தது. புர்க்ஹார்ட் அதைச் சுத்தியலால் உடைத்தார்.

இருக்கையில் யாரும் இல்லை. வார்ப்பட்டைகள் மட்டும் ஓர் ஆளை இறுக்கிக் கட்டிய வடிவத்தில் மாட்டியிருந்தன.

குடிசையில் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்த புர்க்ஹார்ட், ஓட்மாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த கூட்டம் வருதாம். வேற பைலட்டை அனுப்பறாங்க. மாட்டத் தொடங்கு."

ஓட்மார் ராக்கெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறக்கைக்கு அடியில் குனிந்தான்.

அந்தப் பக்க இறக்கையில் ராக்கெட்டுகள் ஏற்கெனவே வரிசையாக மாட்டப்பட்டிருந்தன.