ஒரு டம்ளர் எதிர்ப்பு சக்தி

“ஐயோ... ஐயா விழுந்துட்டாரு!”

கீழ்க்கட்டளை கல்யாண மண்டபம் அலறியது.

மேடையில் மல்லாந்து கிடந்தார் தட்சிணாமூர்த்தி. தலைக்கு மேலே அவரே சிரித்துக்கொண்டிருந்தார்... பேனரில்!

‘ஆரோக்கியக் கவசம்! வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, புழு... எதுவானாலும் ஒரே பொடி! நூறு சதவிகிதம் சைவம்!’

பேனரில் இருந்த உதடு மெலிசு. கீழே கிடந்த உதடு இட்லி சைஸ்.

கண் இமைகள் வீங்கி மூடியிருந்தன. உடம்பெல்லாம் தடிப்பு. தொண்டைக்குள் விசில்.

சற்று முன்புதான், “நான் தினமும் குடிக்கிறதைத்தான் உங்களுக்கும் கொடுக்கிறேன்!” என்று மைக்கில் முழங்கிவிட்டு, ஒரு டம்ளரை மடக் மடக்கென்று காலி செய்திருந்தார்.

அடுத்துக் கைதட்டல் வந்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தது!

*

இன்ஸ்பெக்டர் எலியேசர் அதிகம் பேச மாட்டார். அவருடைய மௌனம் தாங்காமல் உண்மையைக் கக்கியவர்கள் பாதிப் பேர். தூங்கிப் போனவர்கள் மீதிப் பேர்.

எதிரே பெஞ்சில் தையல்நாயகி. தட்சிணாமூர்த்தியின் கம்பெனியில் பொடி கலக்குபவள். மேடையில் அந்த டம்ளரை நீட்டியதும் அவள்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் ஷ்யாம்சுந்தர் துள்ளிக்கொண்டிருந்தார்.

“சிம்பிள் கேஸ் சார்! கொடுத்தது இவ, விழுந்தது அவர். ஐசியூல கண்ணு முழிச்சதுமே பேனா கேட்டு, ‘தையல்நாயகி எனக்கு விஷம் வெச்சுட்டா’ன்னு எழுதிட்டாரு. கொலை முயற்சி! சாயந்திரமே கோர்ட்டுல நிறுத்திடலாம்.”

“இன்னா சார் விசம்?” தையல்நாயகி வெடித்தாள். “எம் பொண்ணு ஸ்கூல் வுட்டு வந்தா வூடு பூட்டிகினு கீதுன்னு தெருவுல நிக்கும் சார்! நான் ஜெயிலுக்குப் போனா அத்த யார் சார் பாப்பா?”

எலியேசர் அவளையே பார்த்தார்.

பார்த்தார்...

பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சரி சார், சொல்லிடறேன்! டம்ளர மாத்துனது நான்தான்!”

ஷ்யாம்சுந்தர் மேஜையில் ஓங்கித் தட்டினார். “பாத்தீங்களா சார்!”

“ஐயாவுக்குன்னு தனியா ஒரு ஃபிளாஸ்க் கீது சார். அதுல வெறும் கேழ்வரகுக் கஞ்சிதான். மேடைக்கு மேடை அதத்தான் பொடித் தண்ணின்னு சொல்லிக் குடிப்பாரு. ஊருக்கெல்லாம் நல்ல மருந்தக் குடுத்துட்டு, தான் மட்டும் கஞ்சி குடிக்கிறாரேன்னு மனசு கேக்கல சார். இன்னிக்கு நல்ல நாளாச்சேன்னு... நம்ம பொடியவே கலக்கிக் குடுத்துட்டேன்.”



முதலாளியின் பொடியை மனசார நம்பிய ஒரே ஆள்... குற்றவாளிக் கூண்டுக்குப் போகப் போகிறாள்!

“நம்பாதீங்க சார்,” என்றார் ஷ்யாம்சுந்தர். “ஊரே குடிக்கிற பொடி. அதுல ஏது...”

“மியாவ்!”

ஸ்டேஷன் பூனை. சாட்சிப் பொருளாக வைத்திருந்த பொடி டப்பாவைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தது. விரட்டினால் போய், சுற்றிக்கொண்டு திரும்ப வந்தது.

எலியேசர் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். சுக்கு. மிளகு. அதற்கும் கீழே... அடி மூக்கில்...

“ஷ்யாம், இது சைவம்தானே?”

“நூறு சதவிகிதம் சார். பச்சைப் புள்ளியே போட்டிருக்கு.”

“அப்புறம் ஏன் கருவாட்டு வாசனை அடிக்குது?”

*

தாம்பரம். தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் ஜெரூஷா ரிப்போர்ட்டை நீட்டினாள்.

“விஷமே இல்லை சார். ஆனா கொல்லப் பார்த்த ஆள் யாருன்னு தெரியும்.”

“யாரு?”

“அவரோட எதிர்ப்பு சக்தி!”

எலியேசர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உடம்புக்குள்ள ஒரே போலீஸ் இல்ல சார். ஆளுக்கு ஒரு டிபார்ட்மென்ட். பாக்டீரியா பெரும்பாலும் தெருவுல திரியற ரவுடி மாதிரி. வெள்ளை அணு அப்படியே முழுங்கிடும். பூஞ்சையையும் அதே அணுதான் முன்னால நின்னு மடக்கும். வைரஸ் வேற ரகம். வீட்டுக்குள்ள பூந்து, வீட்டுக்காரன் சோத்தையே தின்னுட்டுக் குட்டி போடும். அதுக்கு வர்ற படை, வீட்டோட சேர்த்து இடிச்சிடும்.”

“புழு?”

“அது பெருசு. முழுங்க முடியாது, துரத்தணும். கண்ணீர்ப் புகை மாதிரி ரசாயனத்தை அடிச்சு... சளி, அரிப்பு, வீக்கம், வாந்தி, பேதி. எப்படியாவது வெளியே தள்ளணும். இப்பத்தான் பூச்சி மாத்திரை வந்துடுச்சே. அந்த டிபார்ட்மென்ட்டுக்குப் பெருசா வேலையில்லை.”

வேலையில்லாத டிபார்ட்மென்ட் என்னென்ன செய்யும் என்பதை எலியேசருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிரியே வராத ஊரில் துப்பாக்கியோடு நிற்பவன், ஒருநாள் நிழலைச் சுடுவான்.

“இறால் சதையில ஒரு புரதம் இருக்கு. புழுவோட புரதத்துக்கும் அதுக்கும் ஒரே ஜாடை. ஒத்துக்கிறவங்களுக்கு இறால் வெறும் இறால்தான். சிலருக்கு மட்டும் இந்த டிபார்ட்மென்ட் ஆள் தெரியாம, புழுன்னு நினைச்சு, ஊர் முழுக்கப் புகை குண்டு போட்டுடும். இவர் ரத்தத்துல இறால் அலர்ஜி உச்சத்துல இருக்கு.”

“சைவம்னாரே?”

“அவர் ஒய்ஃபைக் கேட்டேன். முன்ன ஒரு தடவை கோவளத்துல எறா தொக்கு சாப்பிட்டு உதடு வீங்கிடுச்சாம். அன்னியிலேர்ந்துதான் ஜீவகாருண்யமாம்!”

*

தட்சிணாமூர்த்தி தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஜெரூஷா டிரிப்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்; வாசலில் ஷ்யாம்சுந்தர் செல்போனும் கையுமாக நின்றார். வீக்கம் வடிந்து, கர்வம் பழையபடி திரும்பியிருந்தது.

“அவள உள்ள தள்ளிட்டீங்களா?”

எலியேசர் புகார்த் தாளைப் படுக்கையில் வைத்தார். பக்கத்தில் பொடி டப்பாவை வைத்தார்.

“அவ கலந்தது உங்க பொடியைத்தான். அதனால கம்ப்ளெயின்ட்ல ஒரு வரி மட்டும் சேர்க்கணும். ‘எனக்குக் கொடுத்த விஷத்தின் பெயர், ஆரோக்கியக் கவசம்.’ கையெழுத்துப் போடுங்க.”

“யோவ்! அது வெளிய வந்தா என் பிசினஸ் என்னாகும்?”

எலியேசர் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மின்சார ரயில் போனது. இன்னொன்று வந்தது. அவர் அசையவில்லை.

தட்சிணாமூர்த்திக்கு நெற்றி வேர்த்தது.

“சரிய்யா... வாபஸ் வாங்கிக்கிறேன்! அது விஷமே இல்ல. குடிச்சதுமே நம்ம பொடின்னு தெரிஞ்சுபோச்சு, பேர் கெடக் கூடாதுன்னு அவ மேல பழியைப் போட்டேன்.”

“அப்ப டப்பாவில எறா வாசனை?”

“டப்பா மேல ‘முத்துப் பவுடர் சேர்ந்தது’ன்னு போட்டிருக்கோம்ல? முத்து விக்கிற விலைக்கு யாரால முடியும்? எறா ஓட்ட, ஒட்டியிருக்கிற சதையோட காயவெச்சு அரைச்சு, முத்துன்னு சொல்லி அவகிட்ட கலக்கக் குடுப்போம். எப்பவும் அதான். அவ மேல தப்பே இல்ல!”

“ரொம்ப நன்றி சார்.” எலியேசர் எழுந்தார். “ஷ்யாம், எல்லாம் ரெக்கார்டு ஆச்சா?”

“ஆச்சு சார்!”

“சைவம்னு ஏமாத்தி எறா வித்தது. தெரிஞ்சே பொய்ப் புகார் கொடுத்தது. வெளிய வராண்டாவுல உட்கார்ந்திருக்கிற தையல்நாயகியை வீட்டுக்கு அனுப்பு. இவர் டிஸ்சார்ஜ் ஆனதும் நம்ம ஜீப்பில ஏத்து.”

தட்சிணாமூர்த்திக்கு மூச்சு மறுபடி விசில் அடித்தது. “டாக்டரம்மா... முதல்ல என்னைப் பொழைக்க வெச்ச மருந்தையே போடுங்கம்மா. அது என்ன மருந்து?”

“உயிரைக் காப்பாத்தினது அட்ரினலின். இப்ப ஓடிட்டிருக்கிறது ஸ்டீராய்டு,” என்றாள் ஜெரூஷா. “எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் குறைக்கிற மருந்து!”

அப்போது கதவு மெல்லத் திறந்தது. விடுதலையான தையல்நாயகி. முகமெல்லாம் கவலை.

“ஐயா ரொம்பக் களைப்பா கீறாரே சார். ஒரு டம்ளர் பொடித் தண்ணி கலக்கி எடுத்தாரட்டா?”

தட்சிணாமூர்த்தி அலறிய அலறலில் பக்கத்து வார்டு எழுந்து உட்கார்ந்தது!

எலியேசர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“வேணாம்மா. ஐயாவுக்கு இருக்கிற எதிர்ப்பு சக்தியே, ஐயாவைத் தீர்த்துக்கட்டத் தாராளமா போதும்!”